மருந்தை நிறுத்தாதீர்கள், எடையைப் பற்றிப் பேசுவோம்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மருந்துகளால் உடல் பருத்துவிடுகிறது என்று கவலைப்படும் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. இந்த இதழில் மூன்றுக்குப் பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்தில் ஓர் அவசரம் இருப்பதால் அதற்குத்தான் அதிக இடம் தருகிறேன்.

கேள்வி: எனக்கு 44 வயது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை, பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தன. இப்போது 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றில் ஓர் ஊசி, தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. நோய் வருமுன் 58 கிலோ இருந்தேன், இப்போது 69. ஏறியதெல்லாம் வயிற்றில்தான். என் ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்து, இனிப் பிரிக்க உள்ளே துணி இல்லை. கீமோ சமயத்தில் என் மாமியார் சத்துமாவுக் கஞ்சி, மாதுளைச் சாறு, ஆட்டுக்கால் சூப் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். இன்றும் கொடுக்கிறார். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை. கல்யாண வீட்டில் ஒருவர், “உனக்கா நோய்? கன்னமெல்லாம் உப்பி நன்றாகத்தானே இருக்கிறாய்” என்றார். சிகிச்சை தந்த இடத்தில் கேட்டால், “உயிர் பிழைத்தீர்களே, அதற்குச் சந்தோஷப்படுங்கள்” என்கிறார்கள். போன மாதம் ஊசிக்கு நான் போகவில்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிறேன். ஊசியை விட்டுவிட்டால் எடை குறையுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இதழ் உங்கள் கைக்கு வந்த மறுநாளே மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி தவறியதை முதலில் சொல்லுங்கள். மாதவிடாய் மறுபடி வந்திருந்தால், சிறு கசிவாக இருந்தாலும், அதையும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்துவிடாதீர்கள். ஊசியை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போடுவது, இரண்டில் ஒன்றாவது நடக்கிறதே என்று நிம்மதி கொள்ளக்கூடிய காரியம் அல்ல. உங்கள் வயதில் ஊசி இல்லாத லெட்ரோசோல் பயன் தராது. அது வேறு திசையில் வேலை செய்யவும் கூடும்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனை உண்டு வளரும் வகை. திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘இ.ஆர். பாசிட்டிவ்’ என்று போட்டிருப்பார்கள். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இந்த ஹார்மோன் பெரும்பாலும் சினைப்பையிலிருந்து வருகிறது. சினைப்பை தானாகச் சுரப்பதில்லை. மேட்டூரில் திறந்தால்தான் கல்லணைக்குத் தண்ணீர் வரும், கல்லணையில் திறந்தால்தான் உங்கள் ஊர்க் கடைமடைக்கு வந்து சேரும். அதுபோல மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு கொடுத்தால்தான் சினைப்பை சுரக்கும். 28 நாளுக்கு ஒருமுறை போடும் ஊசி அந்த மேல்மதகை மூடிவைக்கிறது. ஆற்றை மூடினாலும் ஊரில் போர்த் தண்ணீர் இருக்குமல்லவா? உடலின் கொழுப்பும் தசையும் அரோமடேஸ் என்ற நொதியைக் கொண்டு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாரித்துக்கொள்ளும். லெட்ரோசோல் தடுப்பது அதைத்தான். ஊசி நின்றால் மேல்மதகு திறந்துவிடும். போதாததற்கு, உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பதாக மூளை உணர்ந்து, சினைப்பையை இன்னும் கூடுதலாகத் தூண்டும். குழந்தைப்பேறு வேண்டி வரும் பெண்களுக்குக் கருமுட்டை வளர்வதற்கு இதே லெட்ரோசோலைத்தான் கொடுக்கிறோம் என்றால் உங்களுக்கு விளங்கும். ஊசி தவறினால் கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு.

இந்தச் சிகிச்சையின் வேர் மிகப் பழையது. 1896இல் ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட ஓர் இளம்பெண்ணின் சினைப்பைகளை அகற்றியபின் கட்டி சுருங்கியதைப் பதிவு செய்தார். ஈஸ்ட்ரோஜனை அப்போது யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. இன்று கத்தியில்லாமல், ஓர் ஊசியில் அதே பலனைப் பெறுகிறோம். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் கட்டியைத் தூண்டாமல் தடுக்கும் தமாக்சிபென் மாத்திரையை 5 ஆண்டுகள் எடுத்தவர்களிடம், முதல் 15 ஆண்டுகளில் இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ள இளம்பெண்களுக்கு அதைவிடக் கூடுதல் காப்புக்காகத்தான் உங்களுக்குத் தரும் ஊசி–மாத்திரைக் கூட்டைத் தேர்ந்தெடுக்கிறோம். ஊசியை விட்டு எடை குறைக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இனி எடை. உங்கள் கவலை அற்பமானது அல்ல. உயிர் பிழைத்ததே போதும் என்று ஒரு பெண்ணின் வாயை அடைப்பது எனக்குக் கோபம் தரும் விஷயம். பிழைத்தவள் வாழ வேண்டாமா? அப்படி வாயடைக்கப்பட்டவர்கள்தான் வீட்டுக்குப் போய், யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்துகிறார்கள்.

ஆனால் முழுப் பழியையும் மருந்தின் மேல் போட முடியாது. உங்கள் 11 கிலோவும் ஒரே வழியில் வந்தவை அல்ல. கீமோ நாட்களில் வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறோம். அது பசியைக் கிளப்பும், உடலில் நீர் சேர்க்கும், கொழுப்பை வயிற்றிலும் முகத்திலும் கொண்டு வைக்கும். அடுத்தது மாதவிடாய் நிற்பது. இயல்பாக அது பல ஆண்டுகளில் மெல்ல நடக்கும் மாற்றம். உங்களுக்குச் சில வாரங்களில் நடந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சட்டென்று வற்றும்போது தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது, தசை கரைகிறது. தசை குறைந்த உடல் சும்மா இருக்கும்போது செலவிடும் சக்தியும் குறைவு. முன்பு சாப்பிட்ட அதே அளவைச் சாப்பிட்டாலும் எடை ஏறுவது இதனால்தான். இரவில் உடல் கொதித்து வியர்த்து எழுந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். விரல் மூட்டும் முழங்காலும் வலித்தால் நடக்கத் தோன்றாது. சிகிச்சை நடந்த காலம் முழுவதும் படுக்கையும் நாற்காலியுமாக இருந்த உடல் வேறு.

அன்பும் ஒரு காரணம். உங்கள் மாமியாரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கீமோவின்போது வாய் கசந்து, ஒரு கவளம் இறங்காத நாட்களில் அந்தக் கஞ்சியும் சூப்பும் தேவைப்பட்டன. இப்போது அந்த நிலை மாறிவிட்டது. மாதுளையைச் சாறு பிழியாமல் பழமாகத் தின்னுங்கள். கஞ்சி குடிக்கும் வேளையில் இட்லி வேண்டாம், கஞ்சியில் சர்க்கரையும் வேண்டாம். இதை நீங்கள் சொன்னால் வேறு அர்த்தம் ஆகிவிடும் என்றால், இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

சோற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாராக இல்லை. நெல் விளையும் மண்ணில் வாழ்கிறோம், சோறில்லாத சாப்பாட்டை எத்தனை நாள் சாப்பிட முடியும்? காலையில் இட்லி, பகலில் சோறு, இரவில் தோசை என்று மூன்று வேளையும் அரிசி வருவதுதான் பிரச்சினை. பகல் சோற்றை வைத்துக்கொள்ளுங்கள், அளவைக் குறையுங்கள், கீரையையும் காயையும் அதே அளவுக்குத் தட்டில் கூட்டுங்கள். இரவில் பச்சைப்பயறுச் சுண்டலோ அடையோ போதும். உங்களுக்கு இப்போது முக்கியமாகத் தேவைப்படுவது புரதம். நாளைக்கு 60 முதல் 70 கிராம் இருக்கட்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. உளுந்திலும் பயறிலும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. சம்பா அறுத்த ஈரத்தில் தெளிக்கும் உளுந்தும் பயறும் உங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்குமே. மீன் குழம்பு வைத்தால், மீனையெல்லாம் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளும் வழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. கருணை கூர்ந்து அதை விட்டுவிடுங்கள். இரண்டு துண்டு மீன் உங்கள் தட்டில் இருக்க வேண்டும்.

உடற்பயிற்சி இல்லாமல் உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போய்விடும். எடைக்கருவி குறைத்துக் காட்டும், உடல் மேலும் பலவீனமாகும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேர்க்கும்படி நடக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். மிதி மெஷினில் கால் ஆடுகிறதே என்று நினைக்காதீர்கள், அது நடையாகாது. அரை மணிக்கு ஒருமுறை மெஷினை விட்டு எழுந்து நில்லுங்கள். விடியற்காலையில் வாய்க்கால் கரை நல்ல இடம். ஊரார் பார்வை உறுத்துகிறது என்றால் மாலையில் கோயில் வெளிப்பிராகாரத்தைச் சுற்றுங்கள். அங்கே நடப்பவளை ஏன் நடக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. முதல் வாரம் பத்து நிமிடம் போதும்.

‘அறுவை செய்த பக்கத்துக் கையால் குடம்கூடத் தூக்கக் கூடாது’ என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கை வீங்கிவிடும் என்ற பயத்தில் சொல்லும் பழைய பாடம் அது. கைவீக்கம் உள்ள பெண்களை, பயிற்சியாளர் பார்வையில், சிறிது சிறிதாக எடை தூக்க வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியானது. அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, வீக்கம் திடீரென மோசமாவது குறைந்தது. ஆகவே இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் முறையைக் கற்றுக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பியுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், சுவரில் கை வைத்து உடலைத் தள்ளுங்கள். கை கனப்பது போலிருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விரல் மடங்காதது லெட்ரோசோல் வகை மருந்தின் பக்க விளைவு. தையற்காரருக்கு அது சாதாரணத் துன்பம் அல்ல என்பதை நான் உணர்கிறேன். பயிற்சி இந்த மூட்டுவலியைக் குறைப்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. காலையில் வெந்நீரில் கை வைத்து விரல்களை மடக்கி நீட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் சொல்லுங்கள். லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே வகையைச் சேர்ந்த எக்செமஸ்டேனோ அனஸ்ட்ரசோலோ ஒத்துக்கொள்வது உண்டு. மாற்றித் தர வழி இருக்கும்போது வலியைப் பொறுத்துக்கொண்டு கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்துவானேன்?

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு, வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவு என்றால் எடைக்கு அது தனிக் காரணம், தனி மருந்து உண்டு. சில நாட்களுக்குள் இரண்டு மூன்று கிலோ ஏறினாலோ, இரு காலும் வீங்கினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ அதைக் கொழுப்பு என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. கீமோவில் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்ஸோரூபிசின் போட்டிருந்தால் இதயத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

58 கிலோவை இப்போது குறி வைக்காதீர்கள். ஆறு மாதத்தில் மூன்றரை கிலோ குறைந்தால் அது உங்கள் எடையில் 5 சதவீதம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு எல்லாவற்றுக்கும் அந்த அளவே நன்மை தரும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். அளவு நாடா உங்கள் கழுத்திலேயே தொங்குகிறது, மாதம் ஒருமுறை இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். தசை கூடிக் கொழுப்பு குறையும்போது எடை நின்ற இடத்திலேயே நிற்கும், நாடா மட்டும் உண்மையைக் காட்டும். ரவிக்கைகளைப் பிரிப்பதை நிறுத்திவிட்டு இன்றைய அளவுக்கு இரண்டு புதியவை தைத்துக்கொள்ளுங்கள். இறுகிய உடையில் யாருக்கும் நடக்கப் பிடிக்காது.

கேள்வி: என் மனைவிக்கு 39 வயது. ஓராண்டாகத் தமாக்சிபென் சாப்பிடுகிறாள். 6 கிலோ கூடிவிட்டாள். இரவில் வியர்த்து எழுகிறாள், எதற்கும் அழுகிறாள். உள்ளூர் மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். ஒரே மாதத்தில் 5 கிலோ குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்த மூலிகைப் பொடியையும், மஞ்சள் சத்து மாத்திரையையும் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: பொடி வேண்டாம். இப்படி விற்கப்படும் எடைக்குறைப்புப் பொடிகளில் பொட்டலத்தில் எழுதப்படாத மருந்துகள் கலந்திருப்பது பல நாடுகளின் சோதனைகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. கல்லீரல் கெட்டால் புற்றுநோய் மருந்தையே நிறுத்த வேண்டிவரும்.

மஞ்சள் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். குழம்பில் போடும் மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை. குப்பியில் விற்கும் குர்குமின் மாத்திரை வேறு. மிளகின் சாரமும் சேர்ந்த அந்த வகை, ரத்தத்தில் தமாக்சிபெனின் அளவைக் குறைப்பது நெதர்லாந்தில் 2019இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் தெரிந்தது. நல்லெண்ணத்தோடு வாங்கியிருக்கிறீர்கள், ஆனாலும் கொடுக்காதீர்கள்.

மனச்சோர்வு மாத்திரையின் பெயரை இன்றே பாருங்கள். தமாக்சிபென் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழு வீரியம் பெறுகிறது. பராக்செட்டின், புளுவாக்செட்டின் இரண்டும் அந்த நொதியை முடக்கும். இவற்றில் ஒன்றாக இருந்தால், உடனே நிறுத்தாமல், எழுதித் தந்தவரிடமும் புற்றுநோய் மருத்துவரிடமும் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். வென்லாபாக்சின் அந்த அளவுக்கு இடைஞ்சல் செய்யாது, உடல் கொதிப்பையும் இரவு வியர்வையையும் கூடக் குறைக்கும்.

எடைக்குத் தமாக்சிபென்தான் காரணமா? நோயில்லாத, நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 13,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குத் தமாக்சிபென், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. எடை கூடியதாகச் சொன்னவர்கள் இரு பக்கமும் ஒரே அளவில்தான் இருந்தார்கள். உங்கள் மனைவிக்கு எடை கூடியது உண்மை. முதல் பதிலில் சொன்ன காரணங்களை அவருக்கும் பொருத்திப் பாருங்கள். மாத்திரையை மாற்றினால் இளைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் அதை விட்டுவிட வேண்டாம்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்காலில் வலியும் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், ரத்த உறைவாக இருக்கலாம். வழக்கத்துக்கு மாறான ரத்தப்போக்கு இருந்தால் கர்ப்பப்பையைப் பார்க்க வேண்டும். இம்மருந்து கருவைப் பாதிக்கும், ஆகவே ஆணுறையோ ஹார்மோன் இல்லாத காப்பர் டியோ பயன்படுத்துங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்து எதுவும் சொல்லாதீர்கள். அவருக்கு என்று தனிச் சமையல் வேண்டாம், அவர் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடுங்கள். மாலையில் கடையிலிருந்து பஜ்ஜியும் அல்வாவும் வாங்கி வருவதை நிறுத்துங்கள். கூட நடங்கள். அழுதால் காரணம் கேட்டுத் துளைக்க வேண்டாம், பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: வயது 63. அனஸ்ட்ரசோல் மாத்திரை 5 ஆண்டு முடியப்போகிறது. நிறுத்தியதும் கூடிய எடை தானே இறங்கிவிடுமா?
– ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: தானாக இறங்காது அம்மா. மூட்டுவலி பெரும்பாலும் குறையும், அதனால் நடக்க எளிதாகும், அந்த நடைதான் எடையைக் குறைக்கும். எப்போது நிறுத்துவது என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அக்குளில் நெறிகட்டியில் நோய் இருந்தவர்களுக்கு 5 ஆண்டுக்கு மேலும் தொடரச் சொல்வதுண்டு. அனஸ்ட்ரசோல் எலும்பை மெலியச் செய்யும். எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் சமீபத்தில் எடுக்கவில்லை என்றால், பட்டினி கிடந்து இளைக்க முயலும் முன் அதை எடுங்கள். எலும்பு மெலிந்திருந்தால் குனிந்து பாரம் தூக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஸ்கேனுக்கு முந்தைய நாளிலிருந்து அதை மட்டும் நிறுத்தி வையுங்கள், அனஸ்ட்ரசோலை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள்.